புதுத் தொழிலும் நாட்டளவையும்

ஒரு நிலத்தை அந்நிலத்து மக்களின் தொழிலோடு சேர்த்து எண்ணும் வழக்கம் தமிழர்க்குப் புதியதன்று. தொல்காப்பியர் கருப்பொருள்களைத் தொகுக்குமிடத்துத் தெய்வம் முதலாக எண்ணிய வரிசையிலேயே தொழிலையும் வைத்தார். திருவள்ளுவர் நாட்டிற்கென ஓர் அதிகாரமே வகுத்து, ஒரு நாட்டில் இருக்க வேண்டியவை எவை, இருக்கக் கூடாதவை எவை என்று ஆராய்ந்தார். அவர்கள் செய்யாது விட்டது ஒன்று உண்டு. இந்நாடு முதலாவது, அந்நாடு நூறாவது என்று எண்ணிட்டு நிறுத்தும் கருத்து அவர்களுக்கு எழவில்லை. இக்காலத்தில் அக்கருத்து மிக வலிமை பெற்றுவிட்டது. புதிய தொழில் தொடங்குவோர்க்கு எந்த நாடு, எந்த மாநிலம், எந்த நகரம் மிகுதியாகத் துணை நிற்கிறது என்று அளந்து பட்டியலிட்டு ஆண்டுதோறும் வெளியிடுகின்றனர். பட்டியலில் மேலேறிய அரசுகள் விழா எடுக்கின்றன. கீழிறங்கிய அரசுகள் விளக்கம் கூறுகின்றன. நிதி ஒதுக்குவோரும் அப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டே திட்டம் தீட்டுகின்றனர். ஆதலின் அளவுகோலில் நேரும் பிழை தாளோடு நின்றுவிடுவதில்லை. ஒரு தெருவிற்கு வர வேண்டிய கடனும் கடையும் வேறொரு தெருவிற்குப் போய்விடுகின்றன.

இவ்வளவைகள் எவ்வளவு நம்பத்தக்கவை என்பதைப் பேராக் மாநிலத்தை உரைகல்லாகக் கொண்டு நோக்கலாம். அதற்குத் தக்க காரணம் உண்டு. அம்மாநிலத்தில் இரு வேறு உலகங்கள் சில கல் தொலைவில் அடுத்தடுத்து இருந்தன. ஒன்று ஈயத்தால் எழுந்த ஈப்போ நகரம். மற்றொன்று அதன் வடக்கிலும் தெற்கிலும் பரந்திருந்த இரப்பர்த் தோட்டங்கள். இரண்டிலும் தமிழர் வாழ்ந்தனர். ஒன்றில் கடை வைத்தனர். மற்றொன்றில் வைக்க இயலவில்லை. நல்ல அளவுகோல் என்றால் இந்த வேறுபாடு அதில் தெரிய வேண்டும்.

உலகம் நன்கறிந்த அளவுகோலை முதலில் எடுத்துக்கொள்வோம். தொழில் நடத்தும் எளிமை பற்றி உலக வங்கி 2003 முதல் ஆண்டறிக்கை வெளியிட்டு வந்தது. 2019 அக்டோபரில் வந்த பதிப்பில் 190 நாடுகளுள் மலேசியா 12 ஆம் இடம் பெற்றது. அந்த எண் பெரிதும் பாராட்டப் பெற்றது. ஆனால் அதே அறிக்கையின் உட்பிரிவுகளில் ‘தொழில் தொடங்குதல்’ என்பதும் ஒன்று. அதில் மலேசியாவின் இடம் 126. கட்டட அனுமதி பெறுவதில் இரண்டாமிடம். சிறு பங்காளரைக் காப்பதில் இரண்டாமிடம். மின்னிணைப்புப் பெறுவதில் நான்காமிடம். தொடங்குவதில் மட்டும் 126. கூடமும் மாடியும் மிக நன்றாக அமைந்த வீட்டிற்கு வாயிற்படி ஏற முடியாத உயரத்தில் இருக்கிறது என்பது போன்ற செய்தி இது. பத்துப் பிரிவுகளையும் கூட்டிச் சராசரி கண்டபோது வாயிற்படி கண்ணுக்குத் தெரியாமற் போயிற்று.

அந்த 126 தானும் யாரைப் பற்றியது என்று கேட்க வேண்டும். அறிக்கையாளர் ஒரு கற்பனை நிறுவனத்தை வைத்துக்கொண்டு எல்லா நாடுகளையும் அளந்தனர். அது வரையறுக்கப்பட்ட பொறுப்புடைய நிறுவனம். அதற்கு உரிமையாளர் ஐவர். முதல், அந்நாட்டின் தலா வருமானத்தைப் போல் பத்து மடங்கு. தொடங்கி ஒரு மாதத்திற்குள் பத்து முதல் ஐம்பது வரை பணியாளர். இடம், நாட்டின் மிகப் பெரிய வணிக நகரம். மலேசியாவைப் பொறுத்தவரை அது கோலாலம்பூர். பத்துக் கோடிக்கு மேல் மக்கள் வாழும் நாடுகளில் மட்டும் இரண்டு நகரங்களை எடுத்துக்கொண்டனர். இந்தியாவிற்கு மும்பையும் டில்லியும் போதும் என்றாயிற்று. ஆகவே அந்த ஆண்டு வரிசையில் ஈப்போவும் இல்லை, திருப்பூரும் இல்லை, சிவகாசியும் இல்லை. மலேசியாவில் தனியொருவர் தம் பெயரிலேயே சிறு வணிகத்தைப் பதிவு செய்ய ஆண்டுக்கு 30 வெள்ளி. வேறு பெயர் வைத்தால் 60 வெள்ளி. இதனினும் எளிய வாயில் வேண்டுவதில்லை. ஆனால் ஐந்து உரிமையாளரும் பத்துப் பணியாளரும் இல்லாத அவர் அந்தக் கணக்கில் வரவே இல்லை. 12 என்ற எண் அவரைக் குறிக்கவில்லை. 126 என்ற எண்ணும் அவரைக் குறிக்கவில்லை.

நம் அளவை நூலார் அறிவு பெறும் வழிகளைக் காண்டல், கருதல், உரை என மூன்றாகப் பகுப்பர். கண்ணால் கண்டறிவது ஒன்று. கண்டதைக் கொண்டு காணாததை உய்த்தறிவது ஒன்று. நம்பத்தக்கார் சொல்லைக் கொண்டறிவது ஒன்று. உலக வங்கியின் அறிக்கை பெரும்பாலும் உரையளவையின் மேல் நின்றது. வழக்கறிஞர், கணக்காளர் முதலியோர்க்கு வினாத்தாள் அனுப்பி, இந்தக் கற்பனை நிறுவனத்தைத் தொடங்க எத்தனை படிகள், எத்தனை நாட்கள், எவ்வளவு செலவு என்று விடை பெற்றனர். சட்டம் அறிந்தவர் சொன்ன விடை சட்டத்தைப் பற்றியதாகவே இருக்கும். கடை திறந்தவனைக் கேட்டால் அவன் சட்டத்தை முதலில் சொல்லமாட்டான். இடத்தைச் சொல்வான், கடன் கொடுத்தவனைச் சொல்வான், முதல் மாதம் யார் வாங்கினார்கள் என்று சொல்வான்.

ஆயினும் அந்த அறிக்கையால் விளைந்த நன்மையை மறைப்பது நேர்மையாகாது. தாள்களையும் முத்திரைகளையும் குறைக்குமாறு பல அரசுகளை அது நெருக்கியது. நெருக்கிய வேகத்திலேயே அதன் அழிவும் இருந்தது. 2018, 2020 ஆகிய பதிப்புகளின் தரவுகளில் முறைகேடு நடந்தது தெரியவந்தது. சீனா, சவூதி அரேபியா, ஐக்கிய அரபு நாடுகள், அசர்பைஜான் ஆகியவற்றின் கணக்குகள் ஐயத்திற்கு இடமாயின. 2021 செப்டம்பரில் உலக வங்கி அறிக்கையையே நிறுத்திவிட்டது. எண்ணிற்குப் பரிசு வைத்தால், தொழிலை வளர்ப்பதைவிட எண்ணை வளர்ப்பது எளிது என்று சிலர்க்குத் தோன்றிவிடும். 2024 அக்டோபரில் 50 நாடுகளோடு தொடங்கிய புதிய அறிக்கை தொழில் நடத்துவோரையும் நேரில் கேட்கிறது. இது வரவேற்கத்தக்க திருத்தம். ஆனால் அதுவும் நாட்டையே அலகாகக் கொண்டிருப்பதால், ஒரு மாநிலத்தின் உள்ளே நிகழ்வது அதில் எவ்வளவு தெரியும் என்ற ஐயம் நீங்கவில்லை.

இந்தியா மாநிலங்களையே அலகாகக் கொண்டு 2018 முதல் தரவரிசை வெளியிடுகிறது. முதல் வரிசையில் தமிழ்நாடு வளர்ந்து வரும் மாநிலங்களுள் ஒன்றாக வைக்கப்பட்டது. 2024 சனவரியில் வெளிவந்த வரிசையில் மிகச் சிறந்த மாநிலங்களின் கூட்டத்தில் இடம் பெற்றது. சில ஆண்டுகளில் இவ்வளவு ஏற்றம்! அதற்குள் திருப்பூர்க்காரர் தொழிற்குணமும் சிவகாசிக்காரர் துணிவும் மாறிவிட்டனவா? இல்லை. மாநில அரசு என்னென்ன கொள்கை வகுத்தது, என்னென்ன அமைப்பு நிறுவியது என்பதையே அவ்வரிசை பெரிதும் அளக்கிறது. ஓர் அரசின் முயற்சியை அளக்க அது உதவும். ஊரின் இயல்பை அளக்க உதவாது. சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று 1923 இல் ஊர் திரும்பினர். அந்நாளில் மழை, மண், ஆறு, அரசு உதவி என்று எதை வைத்து அளந்திருந்தாலும் அவ்வட்டாரம் கடைசியில்தான் நின்றிருக்கும். அவர்கள் சமூகத்தில் மகமை என்ற பொதுநிதி இருந்தது. 1921 இலேயே தூத்துக்குடியில் அவர்களுக்கென ஒரு வங்கி எழுந்திருந்தது. மகமையை எந்தப் பட்டியலில் எந்தப் பத்தியில் எழுதுவது?

கோலாலம்பூரை 2030க்குள் உலகின் முதல் இருபது புதுத்தொழில் நகரங்களுள் ஒன்றாக்குவது என்று மலேசிய அரசு 2024 ஏப்பிரலில் குறிக்கோள் வகுத்தது. குறிக்கோள் வைப்பதில் குற்றமில்லை. ஆனால் அத்தகைய நகர வரிசைகள் எண்ணுவன திரட்டிய முதலீடு, நிறுவனத்தின் மதிப்பு, விற்றுப் பெற்ற தொகை போன்றவை. பணம் குவியும் இடம் மேலும் உயரும். ஈப்போ போன்ற நகரத்துப் பிள்ளை தலைநகர் சென்று தொழில் தொடங்கினால் அதுவும் தலைநகரின் கணக்கில் ஏறும். வளர்த்த ஊரின் பங்கு அதில் வருவதில்லை.

1999 இல் தொடங்கிய உலகத் தொழில்முனைவு ஆய்வு மேற்கூறியவற்றினும் மேலானது. அது நாட்டிற்குக் குறைந்தது 2,000 பெரியவர்களை நேரில் கேட்கிறது. பதிவு பெறாத சிறு தொழிலும் அதில் வந்துவிடுகிறது. காண்டலுக்கு மிக அணுக்கமான முறை அதுவே. ஆனால் 2,000 பேரை ஒரு நாடு முழுவதும் பரப்பினால் பேராக்கிற்கு எத்தனை பேர்? சுங்கை சிப்புட்டிற்கு எத்தனை பேர்? வட்டாரத்தைப் பற்றி முடிவு கூற அந்த எண்ணிக்கை போதாது.

இத்துறையில் மிக்க பயனுடைய கருத்து ஐரோப்பாவிலிருந்து வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 125 வட்டாரங்களை அளந்து 2013-14 அளவில் ஓர் அறிக்கை வெளியாயிற்று. சொல்மாரி இன்றிச் சொன்னால் அதன் கருத்து இது: ஒரு வட்டாரத்தின் பதினான்கு கூறுகளை அளந்து வெறுமனே கூட்டிவிடக் கூடாது, எந்தக் கூறு மிகத் தாழ்ந்து நிற்கிறதோ அது மற்றக் கூறுகளையும் கீழே இழுக்கும், ஆகவே அந்தத் தாழ்விற்கு ஏற்ப மொத்த மதிப்பையும் குறைக்க வேண்டும். சால் எவ்வளவு பெரிதாயினும் ஓட்டை இருக்கும் மட்டம் வரையில்தான் தண்ணீர் நிற்கும். இதனால் ஒரு பெரும் நன்மை விளைகிறது. சராசரி காணும் அளவுகோல், “இவ்வூர் 60 மதிப்பெண்” என்று சொல்லி நிறுத்திவிடும். இவ்வளவுகோலோ, “இவ்வூரின் ஓட்டை இங்கே இருக்கிறது; இதை அடைக்காமல் வேறெங்கே செலவிட்டாலும் வீண்” என்று விரல் நீட்டிக் காட்டும். இம்முறையை மனத்திற் கொண்டு பேராக்கை நோக்குவோம்.

கிந்தா பள்ளத்தாக்கின் ஈய லம்பங்களே ஈப்போவின் தாய்வீடு. 1937 இல் அது மாநிலத் தலைநகராயிற்று. லம்பத்தில் உழைத்தவன் கையில் கூலி ரொக்கமாக வந்தது. அவனுக்குச் சோறு, துணி, மருந்து வேண்டியிருந்தது. ஈப்போவிற்குத் தெற்கே கோப்பெங்கில் 1879 இல் யூ கோங் என்பவர் லம்பத் தொழிலாளர்க்காக வைத்த மருந்துக்கடையே பின்னாளில் பல நாடுகளில் கிளை விரித்த யூ யான் சாங் நிறுவனம் ஆயிற்று. 1941 இல் ஈப்போவில் எழுந்த ஹோ யான் ஹோர் மூலிகைத் தேநீரும் அத்தகையதே. இவ்வெற்றிகளின் அடியில் இருப்பவை மிகச் சிறிய பொருள்கள். முன்புறம் கடை, மேலே குடியிருப்பு என்று அமைந்த கடைவீடு ஒன்று. சரக்கை முதலில் தந்து பணத்தைப் பின்னர் வாங்கிக்கொள்ளும் மொத்த வணிகர் ஒன்று. வாரந்தோறும் கூலி வாங்கும் வாடிக்கையாளர் ஒன்று. மூன்றும் ஒரே தெருவில் கிடைத்தன.

1985 அக்டோபரில் அனைத்துலக ஈயக் கழகம் பணமின்றி முறிந்தது, ஈயத்தின் விலை வீழ்ந்தது, லம்பங்கள் மூடின. இளைஞர் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் புறப்பட்டனர். அந்நாட்களில் எந்த அளவுகோல் கொண்டு அளந்திருந்தாலும் ஈப்போ கடைசி வரிசையில் நின்றிருக்கும். ஆனால் 1999 இல் அந்நகரத்திலிருந்துதான் ஓல்ட் டவுன் வெள்ளைக் காப்பி புறப்பட்டது. பின்னர் அது ஐரோப்பிய நிறுவனம் ஒன்றால் 2018 இல் வாங்கப்படும் அளவிற்கு வளர்ந்தது. ஈயம் போன பின்னும் காப்பிக்கடைகளும், காப்பி வறுக்கும் கைப்பழக்கமும், கடைவீடுகளும் போகவில்லை. அளவுகோல்கள் வரவைப் பார்க்கின்றன. எஞ்சி நிற்பதைப் பார்ப்பதில்லை.

ஈப்போவில் தமிழர் தொழிலைக் காண விரும்புவோர் புந்தோங்கிற்குச் செல்ல வேண்டும். அங்கே ஒரு குடியிருப்புக்கே கச்சாங் பூத்தே என்ற பெயர் நிலைத்துவிட்டது. கச்சாங் பூத்தே மலாய்ச் சொல்தான். ஆயினும் அதை வறுத்து விற்ற கைகளுள் தமிழர் கைகளே மிகுதி. கடலை, பட்டாணி, கொண்டைக்கடலை ஆகியவற்றை ஊறவைத்தும் வறுத்தும் பொரித்தும், முறுக்கு, ஓமப்பொடி வகைகளைப் பிழிந்தும் அங்குள்ள குடும்பங்கள் தலைமுறையாகத் தொழில் நடத்துகின்றன. முன்னாளில் அவை தாள் சுருளில் மடித்துத் திரையரங்க வாயிலிலும் சைக்கிளிலும் விற்கப்பட்டன. இந்நாளில் பொட்டலங்களாகி இரவுச் சந்தைக்கும் கடைகளுக்கும் போகின்றன.

அத்தெருவில் ஒருவர் புதிதாக அடுப்பு மூட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எண்ணெய் எந்தப் பதத்தில் காய வேண்டும் என்பதைப் பக்கத்து வீட்டில் பார்த்தே அறிந்திருப்பார். கொப்பரை இரவலாகக் கிடைக்கும். பருப்பு மொத்த வணிகருக்கு இவர் யார் மகன், யார் மருமகன் என்பது தெரியும். ஆகவே முதல் மூட்டை கடனாக வந்துவிடும். சரக்கு விற்காது போனால் அடுத்த வீட்டார் தம் சரக்கோடு சேர்த்து அனுப்பிவிடுவர். ஆல்பிரட் மார்ஷல் என்ற ஆங்கிலப் பொருளியல் அறிஞர் 1890 இலேயே இதனைக் கண்டு கூறினார்; ஒரு தொழில் ஓரிடத்தில் திரண்டு நிலைத்தால் அதன் நுட்பம் அவ்விடத்துப் பொதுச்சொத்தாகிவிடுகிறது, குழந்தைகளும் தம்மை அறியாமலே கற்றுவிடுகின்றனர் என்பது அவர் கருத்து. புந்தோங்கில் இருப்பது அதுவே. இக்கடன்களுக்குத் தாள் இல்லை; இக்கல்விக்குச் சான்றிதழ் இல்லை. எனவே எந்த அறிக்கையிலும் இவை இல்லை.

இனித் தோட்டத்தை நோக்குவோம். பேராக்கின் கோலகங்சாரில் 1877 இல் நட்ட கன்றுகளிலிருந்து மலாயாவின் இரப்பர் வரலாறு தொடங்குகிறது. சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர், சுங்காய், சிலிம் ரிவர், தெலுக் இந்தான் என்று எப்பக்கம் சென்றாலும் பால்மரக் காடும் லயமும் ஆயக்கொட்டகையும் கோயிலும் பள்ளியுமாகத் தோட்டங்கள் இருந்தன. அங்கு வாழ்ந்தோர் தொழில் முயற்சி அற்றவர் என்று எளிதில் கூறிவிடுவோர் உண்டு. அது பார்க்காதவர் பேச்சு. விடியுமுன் மரம் வெட்டி, நண்பகலில் பால் நிறுத்துத் திரும்பியவர்கள் மாலையில் மாடு மேய்த்தனர். பால் கறந்து விற்றனர். ஆடு கோழி வளர்த்தனர். வாய்க்கால் ஓரத்தில் கீரையும் காயும் பயிரிட்டனர். தையல் இயந்திரம் வைத்தனர். ஒரே நாளில் இரு தொழில் செய்த மக்களை முயற்சி இல்லாதவர் என்பது எங்ஙனம் பொருந்தும்?

அவர்களுக்கு இல்லாதது கால் ஊன்ற ஓர் இடம். மாட்டுக் கொட்டகை நின்ற நிலம் தோட்டத்தின் நிலம். துரை வேண்டாமென்றால் கொட்டகை இல்லை. குடியிருந்த வீடு வேலையோடு கட்டுண்டது. வேலை போனால் வீடும் போம். 1990 ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்புச் சட்டம் வீட்டின் தரத்தை வரையறுத்ததேயன்றி வீட்டை அவர்களுக்கு உரிமையாக்கவில்லை. தோட்டத்தில் கடை ஒன்று இருக்கும். இரண்டாவது கடை வைக்க நிர்வாகத்தின் இசைவு வேண்டும். அடமானம் வைக்கப் பட்டா இல்லாதவனுக்கு வங்கியில் வேலையில்லை. மேலே கூறிய பதினான்கு கூறுகளுள் பதின்மூன்று நன்றாக இருந்தாலும் இந்த ஓர் ஓட்டையில் எல்லாம் வடிந்துவிடும்.

கடன் தருவோர் அக்காலத்தில் இல்லாமலில்லை. நகரத்தார் மலாயா நகரங்களில் கிட்டங்கி வைத்து லம்பத்திற்கும் தோட்டத்திற்கும் கடைக்கும் கடன் கொடுத்தனர். தொழிற்கு ஏற்ற இடம் எது என்று அளப்பதில் அவர்களுக்கு நிகர் இல்லை. பர்மாவில் நகரத்தார் மாதந்தோறும் கோயிலில் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்த செய்தி 1929-30 ஆம் ஆண்டுகளின் வங்கி விசாரணைக் குழுவின் அறிக்கையில் பதிவாகியுள்ளது. பணம் எங்கே தேவை, எங்கே மிகுதி, எங்கே அச்சம் என்பதெல்லாம் அந்த ஒரு வட்டி விகிதத்தில் அடங்கிவிடும். கடன் கேட்பவனைக் கடையில் உட்கார்ந்தே கண்டறிந்த அவர்கள் முறையைக் காண்டலளவை என்றே சொல்லலாம். ஆனால் அந்த அளவையிலும் லயத்துக்காரன் தேறவில்லை. பிணை வைக்க அவனிடம் ஏதுமில்லை என்பதை அவர்களும் நன்கறிந்திருந்தனர்.

ஆகவே தோட்ட மக்கள் தமக்குள்ளேயே முதல் திரட்டினர். அதற்குக் கூட்டு என்று பெயர். இருபது பேர் மாதந்தோறும் சிறு தொகை போட, மாதம் ஒருவர் மொத்தத்தையும் எடுத்துக்கொள்வார். ஒரு தையல் இயந்திரமோ ஒரு கறவை மாடோ பெரும்பாலும் இப்படித்தான் வந்தது. கூட்டு நடத்தியவர் சிலர் பணத்தோடு மறைந்ததும் உண்மை. மலேசிய நாடாளுமன்றம் 1971 இல் கூட்டு நடத்துவதைத் தொழிலாகக் கொள்வதைத் தடை செய்து சட்டம் இயற்றியது. சட்டத்தின் பெயரிலேயே ‘கூட்டு’ என்ற சொல் நிற்கிறது! ஏமாற்றத்தைத் தடுத்தது சரியே. ஆனால் ஏழையின் ஒரே வங்கியை மூடியபோது அதற்கு ஈடாக எது திறக்கப்பட்டது என்று கேட்பது குற்றமாகாது. தொழில் துணையை அளப்போர் இந்தச் சட்டத்தை ஓர் ஆண்டிலும் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

அந்த மக்களின் சிறு சேமிப்பை ஒரு பெரும் முதலாக மாற்றிக் காட்டியவர் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன். 1957க்குப் பின் ஐரோப்பிய உரிமையாளர் பலர் தோட்டங்களை விற்க, வாங்கியோர் துண்டு துண்டாகப் பிரித்து விற்கத் தொடங்கினர். துண்டான தோட்டத்தில் வேலையும் இல்லை, வீடும் இல்லை. சம்பந்தன் தோட்டந்தோறும் சென்று, மாதம் பத்து வெள்ளியாகச் சேர்த்துப் பங்கு வாங்குமாறு தொழிலாளரைக் கேட்டார். 1960 இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் அதன் முதல் உடைமையாயிற்று. பிணையில்லை என்று வங்கியும் கிட்டங்கியும் ஒதுக்கிய கைகளிலிருந்து தோட்டங்களையே வாங்கும் முதல் திரண்டது. தோட்டப்புறத்தின் தொழிலாற்றலை அளந்து காட்டிய மெய்யான அளவு இதுவே எனலாம்.

எனினும் திறனாய்வு என்று வரும்போது ஒன்று சொல்ல வேண்டும். சங்கம் தொழிலாளியைப் பங்குதாரர் ஆக்கியது, கடைக்காரர் ஆக்கவில்லை. நிலம் சங்கத்தின் பெயரில் இருந்தது. உறுப்பினர் அந்நிலத்தில் தமக்கென ஒரு பட்டறையோ கடையோ வைக்கும் உரிமை அதனால் வரவில்லை. அன்றைய ஆபத்து வேலையும் வீடும் போவது. அதற்கு அது தக்க மருந்து. அதற்கு மேற்பட்டதை அச்சங்கத்திடம் எதிர்பார்ப்பது முறையன்று. ஆனால் அடுத்த ஆபத்து வந்தபோது அந்த மருந்தும் போதவில்லை.

அடுத்த ஆபத்து செம்பனையும் நகர விரிவும் ஆகும். இரப்பர் வெட்டப்பட்டது, செம்பனைக்கு ஆள் குறைவாகவே வேண்டியிருந்தது, நகரை அடுத்த தோட்டங்கள் வீட்டுமனைகளாயின. 1980க்கும் 2000க்கும் இடையில் நாடு முழுவதும் ஏறத்தாழ மூன்று இலட்சம் இந்தியர் தோட்டங்களிலிருந்து வெளியேறினர் என்பது பலரும் எடுத்தாளும் கணக்கு. வெளியேறியவர் இழந்த வேலை கணக்கில் வந்தது. விற்ற மாடுகள் வரவில்லை. பால் வாடிக்கை, கீரைப் பாத்தி, தையற்கடை எதுவும் வரவில்லை. பதிவு பெறாத தொழில் அழிந்தால் பதிவேட்டில் ஒரு கோடும் குறைவதில்லை.

அவர்களுட் பலர் குடியேறிய இடம் மலிவு விலை அடுக்குமாடி. இங்கேதான் ஓட்டை வேறு உருவில் தொடர்ந்தது. ஐந்தாம் மாடியில் மாடு வளர்க்க இயலாது. வாசலில் ஒட்டுக்கடை போட இயலாது. பெரிய கொப்பரை ஏற்ற அடுப்பு வைக்கவும் இயலாது. புந்தோங்கில் ஒருவர்க்கு வீட்டின் பின்புறமே பட்டறையாகிறது. அதே ஈப்போவில், அதே மொழி பேசும் இன்னொருவர்க்கு வீடு வெறும் படுக்கையிடமாக நிற்கிறது. பேராக் என்று ஒரே எண் இட்டால் இவ்விருவரும் ஒருவராகிவிடுவர். பேராக் என்ன, ஈப்போ என்று ஒரு எண் இட்டாலும் அதே நிலைதான்.

உதவி இல்லை என்று கூறுவதற்கில்லை. 1998 இல் அமைந்த தெக்குன் நிறுவனம் சிறு தொழிலுக்குக் கடன் தருகிறது. அதனுள் இந்தியர்க்கெனத் தனித் திட்டமும் உண்டு. 2024 இல் அதற்கு மூன்று கோடி வெள்ளி கூடுதலாக ஒதுக்கப்பட்டது. தொழிற்பயிற்சிகளும் நடைபெறுகின்றன. இவற்றின் அளவு எப்படிக் கூறப்படுகிறது என்பதே ஈண்டுக் கருதத்தக்கது. இவ்வளவு கோடி ஒதுக்கினோம், இத்தனை பேர் கடன் பெற்றனர், இத்தனை பேர் பயின்றனர் என்பனவே செய்தியாகின்றன. விதை எத்தனை மூட்டை என்று சொல்கிறோம்; களத்தில் நெல் எவ்வளவு என்று சொல்லவில்லை. ஐந்து ஆண்டு கழித்து எத்தனை கடைகள் திறந்திருக்கின்றன, அவை எந்தத் தெருக்களில் இருக்கின்றன என்ற கணக்கு வேண்டும். இடமில்லாதவர்க்கு மீண்டும் மீண்டும் பயிற்சி அளிப்பது, ஓட்டைச் சாலின் விளிம்பை உயர்த்திக் கட்டுவதை ஒக்கும். இரவுச் சந்தையில் ஓர் இடம், அடுக்குமாடியின் அடியில் வாடகை குறைந்த கடையறை, பொதுவான ஒரு சமையற்பட்டறை இவற்றுள் ஒன்று, பத்துப் பயிற்சி வகுப்பிற்கு மேலாக உதவக்கூடும்.

தோற்றவன் மீண்டும் தொடங்கும் வழியும் ஓர் அளவேயாகும். இதில் மலேசியச் சட்டம் முன்னேறியுள்ளது. ஒருவரை நொடித்தவராக அறிவிக்கக் கோருவதற்கான கடன் எல்லை முன்பு 30,000 வெள்ளியாக இருந்தது. 2017 இல் 50,000 ஆயிற்று. 2020 இல் ஓர் இலட்சம் ஆயிற்று. சிறு கடைக்காரர்க்கு இது பெரும் ஆறுதல். பெரு நகர வரிசைகளில் ஏறும் முதலீட்டுக் கணக்குகளைவிடப் பேராக்கின் சிற்றூர்களுக்கு இந்த ஒரு திருத்தம் நெருங்கிய செய்தி.

அப்படியாயின் தெரு அளவில் காண்டலளவை நடத்துவது யார் என்ற கேள்வி எழும். அதற்குப் புதிய அமைப்பு ஒன்று வேண்டுவதில்லை. பேராக்கில் 134 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. நாட்டில் இம்மாநிலத்தில்தான் அவை மிகுதி. அவற்றுட் பல, இன்று இல்லாத தோட்டங்களின் பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றன. பிள்ளைகளைச் சேர்க்கும்போது பெற்றோர் தொழிலைக் கேட்டு எழுதும் வழக்கமும் உண்டு. பெயர்களை விடுத்துத் தொழிலை மட்டும் ஆண்டு வாரியாகத் தொகுத்தாலே, ஒரு தோட்டத்து மக்கள் எங்கே சென்றனர், எத்தனை பேர் கடை வைத்தனர், எத்தனை பேர் மூடினர் என்பது ஓரளவு தெரிந்துவிடும். ஆனால் அந்தப் பத்தியில் இப்போது பெரும்பாலும் ‘சொந்தத் தொழில்’ என்ற ஒரு சொல்லே காணப்படும். முறுக்குப் பிழிபவரும், லோரி வைத்திருப்பவரும், பழைய இரும்பு வாங்குபவரும், மூன்று மாதமாக வேலையின்றி இருந்து அதைச் சொல்லக் கூசுபவரும் அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே இருக்கின்றனர். அதன் பக்கத்தில் என்ன தொழில், எந்த இடத்தில், எந்த ஆண்டிலிருந்து என்று இன்னும் மூன்று விவரம் எழுத ஒரு வரி இடம் போதும்.